பிள்ளைக்கு ஆபரேஷன்: தாயின் கையெழுத்தும் செல்லும்

 

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கடை போட்டு அங்கேயே தங்குகிறவர்களும், புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் நம் தென்காசிப் பக்கம் அநேகம் பேர். வீட்டில் தாயும் பிள்ளைகளும்தான். அந்த நேரத்தில் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால், ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஏழு வயதுப் பையன். ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வாந்தி, காய்ச்சல். தாய் அவனைத் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறாள்.

"குடல்வால் வீங்கியிருக்கும்மா. ஆபரேஷன் செய்யணும். கையெழுத்துப் போடுங்க" என்கிறார் டாக்டர்.

"அவுக வரட்டும் டாக்டர். அவுகளக் கேக்காம போட்டா அத்தை வைவாக" என்கிறாள் தாய்.

தகப்பன் வந்து சேரச் சாயந்தரம் ஆகும். வீங்கின குடல்வால் அதுவரை காத்திருக்குமா? அது வெடித்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். உயிருக்கே ஆபத்து.

தாய்மார்களே, இந்தத் தயக்கம் வேண்டாம். 18 வயது நிறையாத பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் பெற்றவர் சம்மதம் கேட்பார்கள். பெற்றவர் என்றால் தகப்பன் மட்டுமா? நீங்களும்தானே!

1956-ஆம் ஆண்டின் இந்து காப்பாளர் சட்டம், தகப்பனையும் "அவருக்குப் பின்" தாயையும் பிள்ளையின் காப்பாளர் என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்கப் போனபோது, ரிசர்வ் வங்கி தகப்பன் கையெழுத்தைக் கேட்டது. அவர் வழக்குப் போட்டார். 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: "பின்" என்றால் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை. அவர் தூரத்து ஊரில் இருந்தாலும், பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலும், இருவரும் பேசி முடிவு செய்திருந்தாலும் தாய் காப்பாளர்தான்.

பெற்றவர் இருவருமே பக்கத்தில் இல்லை, பிள்ளை பாட்டி பொறுப்பில் இருக்கிறது என்றால்? 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்கான சிகிச்சைக்கு, அதைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரும் சம்மதம் தரலாம். உயிர் போகிற நெருக்கடியில், சம்மதம் வாங்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்றால் டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை. 1860-ஆம் ஆண்டின் பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. இது எல்லா மதத்தாருக்கும் பொது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. கேளுங்கள்: என்ன நோய்? என்ன செய்யப் போகிறீர்கள்? அதில் என்ன ஆபத்து? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? இதையெல்லாம் விளங்கச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைநாட்டு வைக்கிறவர்கள் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "போட்டுட்டா, என்ன ஆனாலும் நம்ம தலையிலதான்" என்ற பயமும் வேண்டாம். சம்மதம் என்பது சிகிச்சைக்குத்தான்; கவனக்குறைவுக்கு இல்லை. பிள்ளைக்கும் அதன் பாஷையில் சொல்லுங்கள், பயம் குறையும்.

செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸும் இலவசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பத்திரமாக எடுத்து வாருங்கள்.

தகப்பன்மார்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் புறப்படும் முன்பு வீட்டில், பெரியவர்கள் காதிலும் விழும்படி, இப்படிச் சொல்லிவிட்டுப் போங்கள்: "பிள்ளைக்கு ஒண்ணுன்னா எனக்காகக் காத்திருக்காதே. டாக்டர்ட்ட நல்லாக் கேட்டுக்கோ, கையெழுத்தப் போடு. நான் வந்து சேந்துக்கிடுதேன்."

அந்த ஒரு சொல் பிள்ளையின் உயிரைக் காக்கும்.