நாவுல வீதியில் நடப்போம்



ரோம், லிஸ்பன் போன்ற பழைய நகரங்களில் வழிகாட்டியோடு நடந்து, கடைக்குக் கடை சுவைத்து, ஊர்க்கதை கேட்கப் பயணிகள் பணம் கொடுக்கிறார்கள். நம் ஏ-9 வீதியில் போகும் பயணிகளோ மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்க இறங்குகிறார்கள். நாவுலயைப் பெரும்பாலும் பஸ் ஜன்னலால் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள்.

சொல்ல நம்மிடமும் கதை உண்டு. அருகிலுள்ள நாலந்தா கெடிகே திராவிடப் பாணியில் அமைந்த பௌத்தக் கற்கோயில். போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காதிருக்க, கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மீண்டும் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்ப் பக்கம் வந்திறங்கிய கோப்பித் தோட்டத் தொழிலாளர் இந்த வடக்குப் பாதையால்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் பெயர்களை நாம் அறியோம்.

நூற்றாண்டையொட்டி ஒரு வேண்டுகோள். நம் மாணவிகளையே வழிகாட்டிகளாகப் பழக்குவோம். ரொட்டியும் கட்டச் சம்பலும், கிரிபத்தும் லுணு மிரிஸும் சமைக்கும் வீடுகளில் பயணிகளை நிறுத்தி, அந்த நடைக்கதையையும் அவர்கள் சொல்லட்டும். காசு சமைத்தவள் கைக்கே போகட்டும். கதை தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.

வெளிநாட்டுச் சகோதரிகளே, விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளோடு முதல் நடையை நீங்களே நடந்து தாருங்கள்.