பூட்டி வைத்த படச்சுருள்

தபால்தலை சேகரிப்போர், அச்சிடப்பட்டபின் மீளப்பெறப்பட்ட தலைக்கே பெருமதிப்பளிப்பர். திரைப்படங்களைத் தேடிச் சேர்ப்போரிடத்தும் இவ்வியல்பு உண்டு. அத்தகையோர் விரும்பும் படங்களுள் ஒன்று, சோவியத் நாட்டிலே 1967ஆம் ஆண்டில் உருவான ‘அறியப்படாத யுகத்தின் தொடக்கம்’ என்பதாகும்.

1917ஆம் ஆண்டுப் புரட்சியின் ஐம்பதாவது நிறைவைக் கொண்டாடவே இது திட்டமிடப்பட்டது. ‘ஒரு போர்வீரனின் கதை’ என்னும் படத்தாற் புகழெய்திய கிறிகோரி சுக்ராயின் பொறுப்பில் இயங்கிய சோதனைப் படநிலையம், சிறுகதைகள் சிலவற்றை இளம் நெறியாளரிடம் ஒப்படைத்தது. கதைகள் வேறு, நெறியாளரும் வேறு, படம் ஒன்று.

யூரி ஒலேஷாவின் ‘தேவதூதன்’ என்னும் கதையை அந்திரே சிமிர்னோவ் படமாக்கினார். உள்நாட்டுப் போர்க்காலத்திலே, புகையிரதப் பாதை வழியே செல்லும் அகதிகள் கொள்ளைத் தலைவன் ஒருவனிடம் அகப்படுகின்றனர். அவன் பெயரே தேவதூதன்!

அந்திரே பிளாத்தனோவின் ‘மின்சாரத்தின் தாயகம்’ என்னும் கதையை லாறிசா ஷெப்பித்கோ என்னும் அம்மையார் படமாக்கினார். 1921ஆம் ஆண்டின் கொடிய வறட்சி, வெடித்த நிலம், வாடிய பயிர். அங்கு வந்த இளைஞன் ஒருவன், மோட்டார் சைக்கிள் யந்திரத்தைக் கொண்டு வயலுக்கு நீரிறைக்க முயல்கின்றான். எரிபொருளோ கிராமத்தார் வடித்த சாராயம். யந்திரம் வெடித்துச் சிதறுகின்றது. பின்னர் மழை பொழிகின்றது. இக்கதை வெறுங் கற்பனையன்று. பிளாத்தனோவ்தாமே வொறோனேஷ் மாகாணத்தில் நீர்ப்பாசன வேலையிலும் மின்னூட்டும் வேலையிலும் உழைத்தவர்.

விழாவுக்குப் புகழ்மாலை வேண்டியோர்க்கு இப்பசியும் துயரும் உவக்கவில்லை. படம் முடக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில் ஷெப்பித்கோவின் கணவர் எலெம் கிளீமோவ் திரைப்படக் கலைஞர் சங்கத்தின் தலைமையை ஏற்றபின், முடக்கப்பட்ட படங்களை ஆராய ஒரு குழு அமைந்தது. 1987ஆம் ஆண்டில் மேற்கூறிய இரு பகுதிகளும் வெளிவந்தன. அதனைக் காண ஷெப்பித்கோ இருக்கவில்லை. 1979ஆம் ஆண்டிலேயே, நாற்பத்தோராம் வயதில், மோட்டார் விபத்தொன்றில் அவர் உயிர் நீத்திருந்தார்.

சேகரிப்போரை இப்படத்தின்பால் முதலில் ஈர்ப்பது அதன் அருமை, தடையுண்ட வரலாறு. ஆனால் கண்டு முடித்தோர் மனத்தில் நிலைப்பது வேறொன்று. நீருக்காக ஏங்கிய மக்களின் முகங்களே அவை. அம்முகங்களை இருபது ஆண்டுகள் மறைத்து வைக்க முடிந்தது, அழித்துவிட முடியவில்லை. உண்மையைச் சொன்ன கலை காலம் தாழ்ந்தேனும் தன் மக்களை வந்தடையும். ஆயினும் அதனைப் படைத்தவர் அந்நாளைக் காணாது போவதே பெருந்துயர்.