சிறைக்குள் எழுந்த இன்னிசை

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, வெயில் ஏறுமுன் நிரையை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் நீங்கள். அந்தக் களைப்பையும் பொருட்படுத்தாது இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். ஆதலின் நீட்டி முழக்காமல் செய்திக்கு வருகிறோம். இன்று நாம் பேசப்போவது ஒரு சிறைச்சாலையைப் பற்றி. நல்ல நாளும் அதுவுமாய்ச் சிறையைப் பற்றியா பேச்சு என்று முன்வரிசைப் பாட்டிமார் முகம் சுளிக்க வேண்டாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே மலாவி என்றொரு நாடு இருக்கிறது. நம் தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றே சிறியது. அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை ஒரு பெரிய ஏரியே பிடித்துக்கொண்டிருக்கிறது. நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்து, 1964-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற நாடு அது. தெற்கே தியோலோ, முலாஞ்சி வட்டாரங்களில் தேயிலைத் தோட்டங்கள். வடக்கே ஏரிக்கரையை ஒட்டி ரப்பர்த் தோட்டமும் உண்டு. வாளியும் கத்தியும் எடுத்துக்கொண்டு இருட்டில் நடப்பவர்கள் நாம் மட்டும் அல்லர் என்பது நினைவில் இருக்கட்டும்.

அந்த நாட்டில், 1975 வரை தலைநகராக இருந்த ஊர் சோம்பா. மலையடிவாரத்தில் அமைந்த அழகான ஊர். அங்கேதான் மத்திய சிறைச்சாலை நிற்கிறது. பழங்காலச் செங்கற் கட்டடம். சுமார் 340 பேர் தங்குவதற்கென்று கட்டப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் அதனுள் அடைபட்டிருந்தவர்களோ 2,000 பேருக்கும் மேல். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய லயத்து வீட்டில் ஆறு குடும்பங்களைக் குடிவைத்தால் எப்படி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள். கால் நீட்டிப் படுக்க இடமிராது. இந்நெரிசல் மனிதருக்குத் தகாது என்று கைதி ஒருவரே வழக்குத் தொடுத்து, 2009-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அரசாங்கத்தைக் கண்டித்துத் தீர்ப்பும் கூறிற்று. தீர்ப்பு வந்தது, நெரிசல் தீரவில்லை.

உள்ளே இருந்தவர் யாவர்? கொலை, கொள்ளை செய்து தண்டனை பெற்றவர்கள் பலர். வழக்கு எப்போது விசாரணைக்கு வருமென்று காத்துக் கிடந்தவர்களும் உண்டு. சூனியக்காரி என்று ஊரார் பழி சுமத்தியதால் உள்ளே வந்து சேர்ந்த பெண்களும் இருந்தனர்.

இத்தகைய இடத்தில் ஓர் இசைக்குழு இருந்தது. ஆண் கைதிகள் சிலர், சிறைக் காவலர்களின் துணையோடு, கிதார், விசைப்பலகை, தாளக்கருவி ஆகியவற்றை வைத்துக்கொண்டு பழகி வந்தார்கள். இதன் அருமையை நம் தோட்டத்து உறுமி மேளக் குழுவினர் நன்கு அறிவர். மேளம் அடிப்பவனுக்குக் கை வலுவிருந்தால் மட்டும் போதுமா? பக்கத்தில் அடிப்பவனுக்குக் காது கொடுக்க வேண்டும். நேற்று அவனோடு வாய்ச்சண்டை போட்டிருந்தாலும் இன்று அவன் தாளத்தை நம்பித்தான் நம் கை இறங்க வேண்டும். தான்தோன்றியாய் ஒருவன் அடித்தால் சாமி ஊர்வலமே தடுமாறிப் போகும். ஒருவரையொருவர் நம்பத் துணியாத மனிதர்கள் நெருக்கியடித்து வாழும் ஓரிடத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு அரிய பொருள்!

2013-இல் அமெரிக்கரான இயன் பிரென்னன் என்பவர் அங்கே சென்றார். அவர் இசைப்பதிவாளர்; அதனோடு, வன்முறையைத் தணிப்பது எப்படி என்று பயிற்சி அளிப்பதையும் தொழிலாகக் கொண்டவர். சிறையில் உள்ளோருக்கு அப்பயிற்சியை அளிப்பதற்கு ஈடாக, அவர்கள் பாட்டைப் பதிவு செய்துகொள்ள இசைவு பெற்றார். ஆண்கள் பகுதியில் வேலை எளிதாயிற்று. குழு ஆயத்தமாய் இருந்ததல்லவா?

பெண்கள் பகுதியில்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்களுக்குக் கிடைத்த கருவிகள் பெண்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. கொட்டும் குரலுமே அவர்களுக்குத் துணை. பாட்டு இருக்கிறதா என்று கேட்டபோது, இல்லை, நாங்கள் பாட்டுக் கட்டுபவர்கள் அல்லர் என்று ஒதுங்கினார்கள். வந்தவரும் வற்புறுத்தவில்லை. சிறிது நேரம் கழிந்து, ஒரு பெண் முன்னே வந்து பாடினாள். அவள் முடித்ததும் இன்னொருத்தி வந்தாள். அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியிடமும் ஒரு பாட்டு இருந்திருக்கிறது. அதுவரை எவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது நமக்கு நம் தோட்டங்களே கண்முன் வந்தன. நாற்று நடும்போதும் தாலாட்டும்போதும் பாடிய பாட்டிமாரிடம் சென்று, பாட்டி, ஒரு பாட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு என்னய்யா தெரியும், எழுத்தறியாதவள்" என்பார்கள். வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தால், பொழுது சாயும்வரை பாட்டு வந்துகொண்டே இருக்கும்.

சோம்பாவில் பதிவான பாடல்களில் இருபது தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015 ஜனவரியில் இசைத்தட்டாக வெளிவந்தன. "இங்கே எனக்கு எதுவுமே இல்லை" என்று பொருள்படும் பெயர் அதற்கு. பெரும்பாலான பாட்டுகள் அந்நாட்டுச் சிச்சேவா மொழியில் அமைந்தவை. சில ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எய்ட்ஸ் நோயைப் பற்றி ஒன்று. மன்னிப்பைப் பற்றி ஒன்று. தனிமையைப் பற்றி ஒன்று. பாடியவர்களுள் கைதிகளும் இருந்தனர், அவர்களைக் காத்த காவலர்களும் இருந்தனர். பூட்டியவனும் பூட்டப்பட்டவனும் ஒரே இசைத்தட்டில்! அவ்வாண்டு டிசம்பரில் அது அமெரிக்காவின் கிராமி விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. மலாவி நாட்டுக்கே அத்தகைய பெருமை வந்தது அதுவே முதல் தடவை. 2016 பிப்ரவரியில் நடந்த விழாவில் விருது பெனின் நாட்டுப் பாடகி ஆஞ்செலிக் கிட்ஜோவுக்குச் சென்றது. அவரும் ஆப்பிரிக்கரே, பெரும் புகழ் படைத்தவர். அவரோடு ஒரே பட்டியலில் நின்றதே சிறைக்குழுவினருக்குச் சிறிய காரியம் அன்று.

இங்கே சிலருக்கு மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். எழ வேண்டியதுதான். கொலை செய்தவன் பாடினால் கைதட்டுவதா? அவன் கையால் பிள்ளையை இழந்த தாய்க்கு என்ன பதில்? பாட்டு அவள் பிள்ளையைத் திருப்பித் தராது. பாட்டுப் பாடியதற்காக எவருக்கும் மன்னிப்பும் வழங்கப்படவில்லை. இசைத்தட்டால் வந்த பணத்தின் ஒரு பகுதி, வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவியாகச் சென்றது. அவ்வுதவியால் பெண்கள் சிலர் விடுதலை பெற்றனர். தங்கள் தரப்பை எடுத்துரைக்க ஆள் இல்லாமல் உள்ளே கிடந்தவர்களுக்கு ஆள் கிடைத்தது. இதில் நியாயம் குறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

இசை எல்லாவற்றையும் சரிப்படுத்திவிடும் என்று சொல்லவும் நாம் வரவில்லை. இதற்கு முன்பும் இப்படி ஒரு குழு இருந்தது. அமெரிக்காவில் டென்னசி மாநிலச் சிறையில் கறுப்பினத்தார் ஐவர் சேர்ந்து பாடினர். பிரிசனேர்ஸ் என்பது குழுவின் பெயர். 1953 ஜூன் முதல் நாள், ஆயுதமேந்திய காவலோடு அவர்களை மெம்பிஸ் நகருக்கு அழைத்துச் சென்று பதிவு செய்தார்கள். அவர்கள் பாடியது மழையில் நடப்பதைப் பற்றிய பாட்டு. கைதிகள் இருவர் மழையில் சிறை முற்றத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும்போது உதித்ததாம். மழை வந்தால் நமக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்ற கவலைதான் முதலில் வரும். அவர்களுக்குப் பாட்டு வந்திருக்கிறது! 1956-இல் வேறொரு பாடகர் அதைப் பாட, அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. குழுவின் முன்னணிப் பாடகர் ஜானி பிராக் 1943-இல் சிறை புகுந்தவர். 1959-இல் வெளியே வந்தார். வந்த பிறகும் அவர் வாழ்வு நேராக ஓடவில்லை. மீண்டும் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. இதை மறைத்துவிட்டு இனிப்பானதை மட்டும் உங்களிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சோம்பாவினர் 2016-இல் இன்னுமோர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். முதலாவதன் பெயர் "இங்கே எனக்கு எதுவுமே இல்லை" என்றோம். இரண்டாவதன் பெயர், "நான் பாடுவதை நிறுத்தமாட்டேன்."

அவர்கள் நிறுத்தவில்லை, நாம் நிறுத்திக்கொள்கிறோம். மேளக்குழுத் தம்பிகள் அப்போதிருந்தே தோலைச் சூடுகாட்டிக் காத்திருக்கிறார்கள். அவர்கள் தொடங்குமுன், முன்வரிசையில் இருக்கும் பாட்டிமாருள் ஒருவர் மேடைக்கு வரட்டும். பாட்டுத் தெரியாது என்பவராகப் பார்த்து அனுப்பிவையுங்கள்.