பட்டிக்குள் வந்த தலை எத்தனை?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகவும் ஒரு மலைப்பாதை உண்டு. அந்த அடிவாரத்தில் ஒரு சாயங்காலம், வெள்ளாடு மேய்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் பட்டியின் படலைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, நுழைகிற ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்று குறைந்தது. மனிதர் உட்காரவேயில்லை. இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் மலையேறிப் போனார்.

ஆராய்ச்சிக்கூடத்து விலங்குகளுக்கும் அப்படித் தலை எண்ணிக் கணக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

நம் குன்னூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் அங்கே ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் சாப்பாட்டைத் தனித்தனிக் கூட்டமாக எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசிச் சோறு முக்கியமாக இருந்த சென்னை மாகாணத்துச் சாப்பாட்டுக்கு 155 கிராம்தான். 1936இல் லண்டன் சொற்பொழிவுகளில் அவர் இதை எடுத்துச் சொன்னார். அந்த இரண்டு எண்களும் உலகம் சுற்றின.

இன்று இப்படியொரு சோதனையைப் படிப்பவர் இன்னும் சில கேள்விகள் கேட்பார். எந்த எலிக்கு எந்தச் சாப்பாடு என்று யார், எப்படி முடிவு செய்தார்கள்? எடை பார்த்தவருக்கு அது எந்தக் கூட்டத்து எலி என்று தெரியுமா? நடுவில் செத்தவை கணக்கில் உண்டா?

கேட்கக் காரணம் இருக்கிறது. கூண்டுக்குள் கையை விட்டால் முதலில் அகப்படுவது ஓடத் தெம்பில்லாத எலிதான். முதலில் பிடித்ததையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், யாரும் பொய் சொல்லாமலே முடிவு சாய்ந்துவிடும். அதனால்தான் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரித்த விதத்தை எழுதவும் சொல்கிறார்கள். விலங்குச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்ல பிரிட்டனில் 2010இல் வந்த 'அரைவ்' நெறிமுறை இதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறது. 2020இல் அதைத் திருத்தியபோது, கட்டாயம் சொல்லியே ஆக வேண்டியவை என்று பத்தைத் தனியே பிரித்து முன்னால் வைத்தார்கள்.

நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டதன் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகுதான் விலங்கைத் தொட முடியும். ஆனால் அனுமதி வாங்குவது சோதனைக்கு முன்னால். என் கவலையெல்லாம் அதற்குப் பின்னால் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான். பலிக்காத மருந்தின் கணக்கு அச்சேறாமல் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தால், வேறொரு ஊரில் வேறொருவர் அதே மருந்தை இன்னும் இருபது எலிகளுக்கு ஊசியில் ஏற்றுவார். அந்த இருபதும் வீணாகச் சாகும்.