கல்லும் காலம் சொல்லும்



தாராவியில் பழைய பேப்பர் கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் தினமும் பேப்பரை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறோம். அடியில் இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. தேதியைப் படிக்காமலே இதைச் சொல்லலாம்.

பூமியும் இப்படித்தான். ஆறும் கடலும் மண்ணைப் படிய வைக்கின்றன. அந்த மண் இறுகிப் பாறை ஆகிறது. அதன்மேல் அடுத்த அடுக்கு படிகிறது. செத்த சிப்பியும் எலும்பும் அதில் புதைந்து கல்லாகின்றன. இவற்றைப் புதைபடிவம் என்பார்கள்.

மும்பையிலேயே சாட்சி உண்டு. இங்குள்ள குன்றுகள் எரிமலைக் குழம்பு இறுகி வந்தவை. வொர்லியில் இரண்டு எரிமலைப் பாறைகளுக்கு நடுவே ஒரு மண் அடுக்கு இருந்தது. அதில் சின்னத் தவளைகளின் எலும்புகள் கிடைத்தன. தவளை நெருப்பில் வாழுமா? வாழாது. எரிமலை ஒருமுறை பொங்கி ஓய்ந்தது. அங்கே தண்ணீர் தேங்கியது. தவளைகள் வாழ்ந்தன. மறுபடியும் எரிமலை பொங்கியது. மூன்று அடுக்கு, மூன்று செய்தி!

சரி, ஒரு காலம் முடிந்து அடுத்த காலம் தொடங்கியதை எப்படி அறிவது?

தமிழ்நாட்டில் அரியலூருக்குப் போவோம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர் அது. அங்கே பாறையில் கடல் சிப்பிகள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடுகளும் கிடைக்கின்றன. அந்தக் கடல் பிராணியின் பெயர் அம்மோனைட். பூஜையில் வைக்கும் சாளக்கிராமக் கல்லில் சக்கரம் தெரியுமே, அதுவும் அம்மோனைட்டின் அச்சுத்தான்.

1862-இல் பிளான்போர்டு என்ற அறிஞர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். எது கீழே, எது மேலே, எதில் எந்தப் படிவம் என்று பார்த்துப் பிரித்தார்.

இவற்றுக்கும் மேலே, நின்னியூர்ப் பக்கம் உள்ள அடுக்கில் அம்மோனைட் இல்லை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இனம் உலகம் முழுவதும் அழிந்தது. டைனோசரும் அப்போதுதான் அழிந்தது. பழைய உயிர்கள் மறைந்து புதியவை தோன்றும் இடமே காலத்தின் எல்லைக்கோடு. அரியலூரானாலும் ஐரோப்பாவானாலும் கணக்கு ஒன்றே.

ஆகவே, கல்லில் சிப்பியோ எலும்போ கண்டால் உடனே பெயர்த்து எடுக்காதீர்கள். எந்த இடம், எந்த அடுக்கு என்று குறித்து வையுங்கள். ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள். இடம் தெரியாத கல், தேதி கிழிந்த பேப்பர். படிக்கத் தெரிந்தவர்கள் அதைக் கிழிய விடலாமா?