தெருப்பக்கத்துத் திண்ணை

புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய வெள்ளை, மஞ்சள் சுவர்த் தெருக்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. அங்கே வைசியாள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. கால்வே சுப்புராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தெருவை நோக்கி ஓட்டுச் சாய்ப்பு இறங்கியிருக்கும், மரத்தூண்கள் அதைத் தாங்கி நிற்கும். அதுதான் தாழ்வாரம். அந்த நிழலுக்குள் திண்ணை. நிமிர்ந்து மாடியைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர் பாணியில் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் தெரியும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு வீடு.

இந்தத் தெரு இடையில் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தை இடித்துக் கான்கிரீட் போட்ட வீடுகள், திண்ணையை அடைத்து அறையாக்கிய வீடுகள் என்று முகப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. 2000-த்தின் முதல் ஆண்டுகளில் இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ ஆகிய ஊர்களையும் சேர்த்துக்கொண்டு, இந்தத் தெருவின் முகப்புகளைச் சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேலை நடந்த விதம். ஒரு வீட்டை மட்டும் பளிச்சென்று ஆக்காமல், தெருவுக்கு ஒரே நிழல் திரும்பி வரும்படி வேலை செய்தார்கள்.

இன்று இந்தக் கைவேலையைப் பற்றித்தான் பேச வந்தேன். பழைய வீட்டின் வாசலை அழகுபடுத்துவது என்றதும் நமக்கு என்னென்ன வாங்கலாம் என்றுதான் தோன்றுகிறது. புது டைல்ஸ், புது பெயின்ட், வாசலில் இரண்டு பீங்கான் தொட்டி. உண்மையில் இந்த வேலையில் முக்கால்வாசி, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதை எடுப்பதுதான். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது.

சுவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகக் கேடு நடப்பது அங்கேதான். எழுபது, எண்பது வருஷத்து வீடு என்றால் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். இன்னும் பழைய வீடுகளில் மெல்லிய சித்துக்கல்லும் இருக்கும். இந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். மழையில் நனையும், வெயிலில் காயும். காலம் காலமாக அவை நின்றது அப்படித்தான். திண்ணைக்கு மேலே இரண்டு அடி உயரத்துக்குக் காரை பெயர்ந்து கிடப்பதைப் பார்த்ததும் கொத்தனார் சொல்லும் முதல் யோசனை, கொத்திவிட்டுச் சிமென்ட் பூசிவிடலாம் என்பது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் சிமென்ட் பூச்சு இறுக்கமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே ஏறிய ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிப் பூக்கும், பூத்த இடத்தில் செங்கல்லின் முகமே பொடியும். சில வருஷம் கழித்துச் சிமென்ட் பாளம் பாளமாக விழும்போது பழைய செங்கல்லையும் பிடுங்கிக்கொண்டு விழும். மேலே பிளாஸ்டிக் கலந்த எமல்ஷனும் அடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும். பழைய ஆட்கள் கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத்தையும் சேர்ப்பார்கள். செட்டிநாட்டில் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசி, கடைசி அடுக்கை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. திண்ணைச் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் கல்லாகும். அதுவரை ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைத்திருக்க வேண்டும். மறுநாளே பெயின்ட் அடிக்க ஆள் வரச் சொல்லிவிட்டோம் என்று கொத்தனாரை அவசரப்படுத்தினால் வெடிப்பு விடும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரியிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. அவர்களோடு நம் ஊர் இளைஞர் ஒருவரைச் சித்தாளாக நிறுத்திவைத்தால், அடுத்த வீட்டுக்கும் ஆள் கிடைக்கும்.

பூச்சு காய்ந்ததும் வெள்ளையடிக்க வேண்டியதுதான். கொஞ்சம் நீலம் கரைத்த வெள்ளைக்கு ஈடான நிறத்தை எந்த பெயின்ட் அட்டையிலும் நான் பார்த்ததில்லை. திண்ணையின் முகத்தில் காவிப் பட்டை வேண்டுமானால் போடலாம்.

அடுத்து தூண்கள். பர்மா தேக்குத் தூண் ஒன்றில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த எனாமல் எத்தனை அடுக்கு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உளியின் முனையால் ஓர் ஓரத்தை மெல்லச் சுரண்டினால் முதலில் பழுப்பு வரும், அதன் கீழே பச்சை, அதன் கீழே வானநீலம், பிறகு ஒரு மங்கிய சந்தன நிறம். அதற்கும் கீழே திடீரென்று தேக்கின் ரேகை தெரியும். தூணின் தலைப்பில் தச்சர் செதுக்கிய தாமரை இதழ்கள் அத்தனை பெயின்டுக்குள்ளும் மூழ்கி, வெறும் உருண்டையாகத் தெரிந்துகொண்டிருக்கும். அவற்றை வெளியே கொண்டுவருவது நிதானமான வேலை. சூடான காற்றால் இளக்கி, மரத்தைக் காயப்படுத்தாமல் வழிக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி பறக்கும் நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக்கூடாது. வழித்ததை வாரி மூட்டை கட்டிவிடுங்கள், செடிப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். மரம் வெளியே வந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை போட்டால் போதும்.

தாழ்வாரத்து ஓட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு ஓடானாலும் சரி, மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையின் வழியாக நாடெங்கும் பரவிய பட்டை ஓடானாலும் சரி, உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அதுதான் முதல் வேலை. மேலே ஒழுகும்போது கீழே பூசிய எதுவும் நிற்காது.

தரைக்கு வருவோம். சிவப்பு ஆக்சைடு போட்ட திண்ணையை உடைத்து டைல்ஸ் ஒட்டும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சிமென்டில் செம்பொடி கலந்து, கரணையால் மணிக்கணக்காகத் தேய்த்து, தண்ணீர் கட்டிப் பதப்படுத்திய தரை அது. வருஷக்கணக்காக மனிதர்கள் உட்கார்ந்தும் படுத்தும் ஏற்றிய மெருகு அதில் இருக்கிறது. எந்தக் கடையிலும் அது விலைக்குக் கிடைக்காது. வழவழ டைல்ஸ் மழைச் சாரல் பட்டால் வழுக்கும். திண்ணையில் உட்காரப்போவது வீட்டிலேயே வயதானவர் என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய தரை மங்கியிருந்தால் அதற்கு ஆசிட் ஊற்றாதீர்கள், மேல்பரப்பை அரித்துவிடும். வெறும் தண்ணீரால் கழுவி, காயவைத்து, துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் வராது, ஒரு மாதத்தில் வரும். கீறல் இருந்தால் அடைக்கலாம். அடைத்த இடம் நிறம் சற்று மாறித் தெரியும், அது ஒரு குறையே அல்ல.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு சங்கடம் மிச்சமிருக்கும், அது நம் கையில் மட்டும் இல்லை. தெரு உயர்ந்துகொண்டே போகிறது. தார் மேல் தார் போட்டு, நான்கு படி ஏறிய திண்ணைகள் இன்று ஒரு படியாகிவிட்டன. சில வீடுகளில் தெருவிலிருந்து இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. மழைத்தண்ணீர் நேராகச் சுவரின் காலடிக்கு வருகிறது, ஓதம் ஏறுகிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலராக இருந்த வெ. இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் சாலை போட வரும் நாளில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போய் அதை நினைவுபடுத்துங்கள். ஒரு திண்ணைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய பராமரிப்பு அதுவாகவே இருக்கலாம்.

தோட்டம் என்று வரும்போது, வைசியாள் வீதி போலத் தெருவோடு ஒட்டிய வீடுகளில் முன்பக்கம் மண்ணே இருக்காது. அங்கே இரண்டு மண்தொட்டியும் ஒரு துளசியும் போதும். சுற்றுச்சுவருக்கும் திண்ணைக்கும் நடுவில் நாலைந்து அடி மண் உள்ள வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள். அந்த மண்ணைச் சிமென்ட் கல் பாவி மூடிவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். மழைநீர் சேகரிப்பை 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் நம் தமிழகம். திறந்த மண்ணைவிட எளிய சேகரிப்புத் தொட்டி வேறென்ன? மண், சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும், செடிக்கு ஊற்றும் தண்ணீரும் சுவரில் படாமல் இரண்டடி தள்ளியே நிற்கட்டும்.

என்ன நடலாம்? பழைய வீட்டுக்குப் பழைய செடிகள்தான் பொருந்தும். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, மருதாணி. தூணோரம் ஏற்றிவிட ஒரு முல்லைக்கொடி. இடமிருந்தால் ஒரு பவழமல்லி. இந்தச் செடிகள் நம் வெயிலுக்குப் பழகியவை, ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் கோபித்துக்கொள்ளாது. வேம்பும் அரசும் அருமையான மரங்கள், ஆனால் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். சுவர் இடுக்கில் பறவை எச்சத்திலிருந்து தானே முளைக்கும் அரசங்கன்றை வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு இலை விட்டதும் பிடுங்கினால் விரலோடு வரும். ஒரு வருஷம் விட்டுவிட்டால் கைப்பிடிச் சுவரைப் பிரித்துத்தான் வேரை எடுக்க வேண்டும். மேலே வெட்டினால் போதாது, அது மறுபடி துளிர்க்கும்.

கடைசியாக, எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி: கம்பிக் கதவு. திண்ணை முழுவதையும் இரும்புக் கிரில் போட்டுப் பூட்டிய வீடுகள் இன்று ஏராளம். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான இருவர் மட்டும் என்னும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் திண்ணை வீட்டுக்காரருக்கு மட்டும் கட்டப்பட்டதில்லை. திருக்கோவலூரில் மழை இரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்த கதையில் அவர்கள் ஒதுங்கியது ஒரு வீட்டின் இடைகழியில், அதாவது ரேழியில். ஒருவர் படுக்கவும், இருவர் உட்காரவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த இடம் அது. உ.வே. சாமிநாதையர் எழுத்துப் படிக்கத் தொடங்கியது திண்ணைப் பள்ளிக்கூடத்தில். இன்று வெயிலில் விலாசம் தேடி வரும் பார்சல் பையனுக்கும் இரண்டு நிமிஷம் உட்கார அந்த இடம் வேண்டும். தஞ்சைப் பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரு தீர்வு முன்பே இருந்தது. வெளித்திண்ணையைத் திறந்தபடி விட்டு, உள்திண்ணைக்கு மட்டும் மர அழித் தடுப்பு போட்டார்கள். உங்கள் கிரில்லையும் அதேபோல ரேழிக் கதவுக்குப் பின்னால் தள்ளிப் போடலாம். பாதுகாப்பும் குறையாது, ஒரு திண்ணையாவது தெருவுக்கு மிஞ்சும்.

வேலை தொடங்க நல்ல காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சுவர் காய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. ஓடு, தூண், பூச்சு எல்லாம் மாசி, பங்குனிக்குள் முடியட்டும். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு பூசினால் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். செடிக் குழிகளை வைகாசியில் தோண்டி, எருப் போட்டு ஆறவிட்டு, ஆடியில் நடுங்கள்.