மாத்திரையும் ஆசனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ரயில்வே குமாஸ்தாவுக்கு வைத்தியப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சித்தம் கலங்கியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்; அதை வெளியே சொல்லக் கூசுகிறோம். “யோகம் போதும், மாத்திரை வேண்டாம்” என்று யாரேனும் சொல்லிவிட்டாலோ, மறுநாளே மருந்தை நிறுத்திவிடுகிறோம். அதனால் விளையும் கேடு பெரிது என்பதாலேயே பேச வந்தேன்.

இந்நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பதும், பெற்ற தாயே சோற்றில் நஞ்சு வைத்தாள் என ஐயுறுவதும் ஒன்று. பேச்சற்று, குளிக்கவும் மனமின்றி, சுவரைப் பார்த்தபடி நாள் முழுதும் உட்கார்ந்திருப்பது மற்றொன்று. 1950களில் வந்த மருந்துகளும் அவற்றின் வழிவந்தவையும் முதலாவதைப் பெரும்பாலும் அடக்குகின்றன. இரண்டாவதில் அவற்றின் பலன் குறைவு. வீட்டார் அதைச் சோம்பல் என்று ஏசுகிறார்கள். சோம்பலன்று, அதுவும் நோயே.

பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நோயாளிகள் 61 பேர். மருந்து உட்கொண்டு வந்தவர்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு யோகமும் மறு சாராருக்குச் சாதாரண உடற்பயிற்சியும் அளித்தனர். நான்கு மாதம் கழிந்தபோது, யோகம் பயின்றவர்களிடம் நோய்க்குறிகள் கூடுதலாகத் தணிந்திருந்தன. பிறரோடு பழகுவதிலும் வேலை செய்வதிலும் அவர்கள் மேலாகத் தேறியிருந்தனர். இறுதிவரை நிலைத்தவர் 41 பேரே என்பதையும் மறைக்கலாகாது.

கர்ஜத்திலிருந்து லோணாவளாவுக்கு மலையேறும் வண்டியின் பின்னால், தள்ளுவதற்கென்று எஞ்சின் பூட்டுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதனை நம்பி முன் எஞ்சினைக் கழற்றிவிட்டு எந்த டிரைவரும் புறப்படுவதில்லை!

எல்லா யோகமும் இவர்களுக்கு ஏற்றதன்று. நெடுநேரம் கண்மூடித் தியானத்தில் அமர்வது, குரல் கேட்பவருக்கு அத்தொல்லையை வளர்த்துவிடவும் கூடும். எளிய ஆசனங்களும் மெதுவான மூச்சுப் பயிற்சியும், வைத்தியரின் சம்மதத்தோடு, இந்நோயை அறிந்த ஆசிரியரிடம் பயிலத்தக்கவை. மைதானத்தில் முகாம் நடத்துவோரெல்லாம் அத்தகைய ஆசிரியர் ஆகிவிடமாட்டார். வீட்டாரில் ஒருவர் உடன் அமர்ந்து செய்வது நலம் என்பது என் எண்ணம்.

அயலூரில் வாழும் நமக்கு மற்றொரு இடர், இந்நோயை எம்மொழியில் எடுத்துரைப்பது என்பது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசியின் எண் 14416. கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம்.